முழங்கால் சண்டை

“ஆண்டவரே, இந்த வீட்டுக்குள்ள புகுந்திருக்கிற பிசாசை இன்னைக்கே விரட்டும்!”

முழங்காலில் நின்று, ரெண்டு கையையும் தூக்கி மாமியார் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிசாசு என்று அவர் சொன்னது வேறு யாரையும் இல்லை. அதே பாயில், ஒரு கை தூரத்தில் கண்ணை மூடி முழங்காலிட்டிருந்த மருமகளைத்தான்.

“உப்பில்லாத சாப்பாட்டைப் போட்டே என்னைக் கொல்லப் பார்க்கிறாளே கர்த்தாவே! இது உமக்கே அடுக்குமா?”

ரெண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் மகன். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் அந்தரத்தில் தொங்கிவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் அதே கதிதான்.

எல்லாம் ஒரு ஓட்டை நாற்காலியால் வந்த வினை. போன மழைக்காலத்தில், செத்துப்போன மாமனாரின் நாற்காலியை யாரையும் கேட்காமல் பழைய சாமான் வண்டியில் ஏற்றிவிட்டாள் மருமகள். அது தப்புதான். அதற்கு மாமியார் விட்ட வார்த்தை இருக்கிறதே, அது அதைவிடப் பெரிய தப்பு.

அன்றோடு பேச்சு அறுந்தது. “அவகிட்ட சொல்லுடா”, “உங்க அம்மாகிட்ட சொல்லுங்க” என்று ஒவ்வொன்றும் இவன் காது வழியாகத்தான் போக வேண்டும். இடையில் ஆள் வைக்காமல் திட்டிக்கொள்ள மிச்சமிருந்த ஒரே இடம் சாயங்காலக் குடும்ப ஜெபம்.

மாமியார் முடித்ததும், “ஆமென்!” என்று அழுத்திச் சொல்லிவிட்டு மருமகள் ஆரம்பித்தாள். அவள் கத்த மாட்டாள். தேன் தடவிக் குத்துவாள்.

“அன்பான தகப்பனே, பெரியவங்களுக்கு நல்ல நாக்கைக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம். அப்படியே அதுக்கு ஒரு பூட்டையும் கொடுத்திருக்கக் கூடாதா? அவங்க பிரஷருக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னது உமக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறவங்களையும் உமக்குத் தெரியும்.”

“ஆமென்!” என்றார் மாமியார், அவளைவிட ஓங்கி.

திட்டு வாங்கினவளே ஆமென் போடுவது என்ன வகை நக்கலோ என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பங்கு ஜெபமா? அது நின்று எத்தனையோ காலமாயிற்று. கண்ணைத் திறந்து வைத்தபடி மடியில் ஃபோனைத் தடவிக்கொண்டிருப்பான், கடைசியில் ஒரு ஆமெனை வீசிவிட்டுச் சாப்பிட எழுந்துவிடுவான்.

ஆனால் அந்த ரெண்டு பேரும் ஒரு நாள்கூடத் தவற மாட்டார்கள். காய்ச்சல் அனலாக அடித்தபோதும் மருமகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து முழங்காலிட்டாள். மூட்டு வலியில் உயிர் போனாலும் மாமியார் கட்டிலில் உட்கார்ந்து ஜெபிக்க ஒத்துக்கொள்ள மாட்டார். ஒருத்தியை ஒருத்தி கிழிப்பதற்கு இவ்வளவு வைராக்கியமா என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான். ஒரு நாளாவது நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட மாட்டோமா என்பதுதான் அவன் கவலை.

மறுநாள் வேலை முடிந்து வந்தவனைக் கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் மடக்கினார்.

“தம்பி, எங்க வீட்டுல இப்பெல்லாம் இந்த நேரத்துக்கு டிவியே போடுறதில்ல. உங்க வீட்டு ஜெபம் அதைவிட ஜோரா இருக்கு! இன்னைக்கு நாற்காலி விஷயம் வருமா?”

கதவுக்குப் பின்னால் அவர் மனைவி களுக்கென்று சிரித்தது கேட்டது. அவனுக்கு மானமே போயிற்று.

ரெண்டு ரெண்டு படியாகத் தாவி ஏறினான். உள்ளே பாய் விரித்தாகிவிட்டது. அவனுக்கு நடுவில் இடம் விட்டு, முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு ரெண்டு பேரும் தயாராக நின்றார்கள்.

குனிந்தான். பாயை வெடுக்கென்று இழுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“போதும்! ஊரே கைகொட்டிச் சிரிக்குது. இதுக்குப் பேரு ஜெபமா? இனிமே இந்த வீட்டுல ஜெபமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குத் தலையைக் காட்டினமா, வந்தமான்னு இருங்க!”

மாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாடா, ஒருவழியாக ரெண்டு வாயும் அடைத்தது என்று அவன் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

“அடப்பாவி!” என்றார் மாமியார். “அவமேல ஆயிரம் கோவம் இருக்கும். அதுக்காகக் கர்த்தரை விட்டுருவேனா நான்?”

“அந்தக் கோவத்தையும் அவர்கிட்டதாங்க கொண்டுபோய்க் கொட்டினோம்” என்றாள் மருமகள். “நீங்க இத்தனை நாள்ல அவர்கிட்ட என்னத்தைக் கொண்டுபோனீங்க?”

பதில் சொல்ல அவன் வாயைத் திறந்தான். அதற்குள் மருமகள் பாயைப் பிடுங்கி ஒரே உதறலில் விரித்தாள். மாமியார் அவன் தோளில் கை வைத்து அழுத்தினார். அந்த வயதில் எங்கிருந்துதான் அத்தனை பலம் வந்ததோ, தொப்பென்று முழங்காலில் இறங்கினான். இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக நெருங்கி முழங்காலிட்டார்கள்.

மருமகள் அவன் தலைக்கு மேலாக எட்டி, மாமியார் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

“யாரு ஆரம்பிக்கிறது அத்தை?”

“நீ ஆரம்பிம்மா. நீ விட்டதை நான் சொல்றேன்.”