அடியில் இரண்டு எழுத்து

கடிதத்தின் அடியில், இடது மூலையில், ‘கே.பி.’ என்று இருந்தது. முதலாளி அப்துல் சமது அந்த இரண்டு எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு கோகிலாவைப் பார்த்தார்.

கையெழுத்து இல்லாத கடிதம். ஆயர் குரோவில் தொழிற்சாலை கட்டும் வேலைக்கு முதலாளியின் கம்பெனி டெண்டரில் கேட்கவிருந்த விலை, தெங்கேராவில் இருக்கும் போட்டிக் கம்பெனிக்கு இதில்தான் போயிருந்தது. வேலை கைநழுவிவிட்டது. காலையில் தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததை, யாரிடமும் காட்டாமல் சட்டைப்பையில் வைத்திருந்தவர் இப்போதுதான் மேசையில் விரித்தார்.

யார் டைப் அடித்தாலும் தன் பெயரின் எழுத்துகளைக் கடிதத்தின் அடியில் போட வேண்டும் என்பது காஜா பேராங்கில் இருந்த அந்த அலுவலகத்தின் வழக்கம். கே.பி. என்றால் கோகிலா பொன்னுதுரை.

“திருட்டு லெட்டர்லயும் பழக்கம் விடல பாத்தியா,” என்றார் முதலாளி.

தான் அடிக்கவில்லை என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். லாரி கவிழ்ந்ததிலிருந்து கணவன் பொன்னுதுரை படுக்கையில் கிடக்கிறான். இந்தப் பெயரோடு வெளியே போனால் மலாக்காவில் எந்த அலுவலகமும் அவளை வாசலில்கூட நிற்க விடாது.

போன மாதம் இதே முதலாளிதான் அவளை மெச்சினார். கம்ப்யூட்டரில் அவள் ஒரு மேக்ரோ செய்திருந்தாள். இரண்டு விசையைத் தட்டினால் தேதி, மரியாதை வாசகம் தொடங்கி அடியில் வரும் கடைசி வரி வரை தானாக வந்து விழும். நடுவில் விஷயத்தை மட்டும் அடித்தால் போதும்.

எல்லாருக்கும் கொடு என்றார் முதலாளி. பிளாப்பியில் எடுத்துப்போய் எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டாள். பக்கத்து மேசை மும்தாஜ் மறுநாளே அதைத் தனக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டாள். டைப் பக்கமே வராத மானேஜர் ராஜரத்தினமும் கேட்டு வாங்கினார். “என் ரூம்லயும் போட்டு வைம்மா. நீ லீவு போட்டா நான்தானே தவிக்கணும்.”

இப்போது அவர் முதலாளியின் பக்கத்தில் கைகட்டி நின்றார். கடிதத்தைக் காட்டாமல் முதலாளி விஷயத்தை மட்டும் சொன்னதும், போலீஸ் வேண்டாம், பாவம், வேலையைவிட்டு அனுப்பினால் போதும் என்று அவர்தான் பேசி முடித்திருந்தார்.

“அவருக்கு மருந்து வாங்கணும் பாஸ். இந்த மாசம் மட்டுமாவது...”

முதலாளி ஓர் உறையை அவள் முன்னால் தள்ளினார். வேலை நீக்கக் கடிதம். மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்று, அவளைக் கூப்பிடுவதற்கு முன்பே மானேஜர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே அடித்தது.

அவள் உறையைப் பிரித்ததும் மானேஜர் பேனாவைத் திறந்து நீட்டினார். “படிக்க என்னா இருக்கு? கையெழுத்துப் போடும்மா.”

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடி அவள் விரல் தாளின் அடிக்கு இறங்கியது. இடது மூலையில் நின்றது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தாளை முதலாளி பக்கம் திருப்பினாள்.

“இதையும் நான்தான் அடிச்சேனா பாஸ்?”