சூடு தணிய

வீடெங்கும் சந்தன வாசம். காலையிலேயே சாமி படத்துக்கு அப்பா சந்தனம் அரைத்து வைத்திருப்பார், பாவம், என்று நினைத்துக்கொண்டாள் துளசி. மகளுக்கு இன்று நேர்முகத் தேர்வு அல்லவா!

ஆனால் தேர்வு நடக்க வேண்டிய கணினி, போட்டுக் கால் மணி நேரம் ஆகுமுன் மறுபடியும் அணைந்துவிட்டது. போன வாரமும் இதே கூத்துதான். டப்ளின் கம்பெனிக்காரர்கள் திரையில் வந்து, ஒரு வீட்டு வரைபடம் வரைந்து காட்டச் சொன்னார்கள். பாதிச் சுவர்கூட எழும்பவில்லை, பெட்டி படுத்துவிட்டது.

கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கியிருந்தாள். அது இன்று மாலை நாலு மணிக்கு. இதையும் கோட்டைவிட்டால் அவ்வளவுதான், வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். கைப்பேசியில் ஒப்பேற்றலாம் என்றால், வரையும் மென்பொருள் இந்தப் பாழாய்ப்போன பெட்டியில்தான் ஓடும்.

ஹாலுக்கும் பால்கனிக்கும் நடையாய் நடந்தாள். ரிப்பேர்க்காரன் வருகிறானா என்று ஜெலுத்தோங் சாலையில் போகிற மோட்டார் சைக்கிளையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"வருவான்மா. உக்காரு, ஒரு கோப்பி குடி" என்றார் அப்பா முனுசாமி.

"கோப்பி குடிக்கிற நேரமாப்பா இது?"

சுள்ளென்று விழுந்துவிட்டு உடனே வருத்தப்பட்டாள். பாயான் லெப்பாஸ் பேக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷன். கைப்பேசியில் ஒரு போட்டோ அனுப்புவதற்குக்கூட மகளைக் கூப்பிடுவார். அம்மா போன பிறகு வீட்டில் இரண்டே பேர். வேலை கிடைத்துத் தானும் டப்ளினுக்குப் போய்விட்டால் இவர் என்ன செய்வார் என்ற கவலை அவளுக்கு இருக்கத்தான் செய்தது. அவரோ, "என்னைப் பத்திக் கவலப்படாத, நீ போய் நல்லா இரு" என்று முடித்துவிட்டார். இப்படி ஓர் அப்பா யாருக்குக் கிடைப்பார்!

ஒருவழியாக மோகனராஜ் வந்தான். சூலியா தெருவில் கணினி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். தோழி ஒருத்தி கொடுத்த நம்பர். வாசலில் அப்பாவைப் பார்த்ததும், "நல்லா இருக்கீங்களா சார்?" என்றான். அப்பா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கோப்பி கலக்கச் சமையலறைக்குள் போய்விட்டார்.

"சீக்கிரம் தம்பி, நாலு மணிக்கு கூப்பிடுவாங்க. சுத்தமா ரோசாக் ஆயிடுச்சா, இனிமே ஓடவே ஓடாதா?"

"பயப்படாதீங்கலா அக்கா. நேத்தே போன்ல சொன்னேன்ல, பேஸ்ட் காஞ்சிருக்கும்னு. நல்ல பேஸ்டுன்னா அஞ்சாறு வருஷம் தாங்கும். அப்புறம் சுண்ணாம்பு மாதிரி ஆயிடும். சிப்போட சூடு வெளிய போக வழியில்லாம பெட்டி தானா அணைஞ்சிடும். புதுசா தடவுனா சரியாப் போயிடும்."

பெட்டியைத் திறந்து, சிப்பின் மேல் உட்கார்ந்திருந்த விசிறியைக் கழற்றினான். அடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து வெடித்துக் கிடந்தது. விரலால் சுரண்டி முகர்ந்தான்.

"அக்கா... இது சந்தனம்!"

"என்னது?"

"சந்தனம்லா! பழைய பேஸ்ட சுத்தமா தொடச்சிட்டு, சந்தனத்த மெல்லிசா, சமமா தடவியிருக்கு. ஓரத்துல ஒரு துளி வழியல. ஸ்குரூ நாலும் ஒரே அளவா முடுக்கியிருக்கு."

துளசி சமையலறைப் பக்கம் திரும்பினாள். கோப்பிக் கோப்பையோடு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"நீதானம்மா போன்ல பேசிக்கிட்டிருந்த, பேஸ்ட் காஞ்சிடுச்சு, பெட்டி சூடாவுதுன்னு. சந்தனம் குளிர்ச்சியாச்சேன்னு..." கோப்பையை மேசைமேல் வைத்தார்.

ஒரு கணம் ஆத்திரம் தலைக்கேறியது. அடுத்த கணமே அந்த முகத்தைப் பார்த்துக் குபுக்கென்று சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரும் வந்தது.

"அய்யோ அப்பா! மிஷினுக்கும் வேர்க்குருவுக்கும் ஒரே மருந்தா?"

மோகனராஜ் சிரிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் சந்தனத்தைத் துடைத்து, சாம்பல் நிறப் பேஸ்டைப் பிதுக்கித் தடவி, பெட்டியை மூடினான். கணினி சத்தமே இல்லாமல் ஓடியது. மென்பொருளைத் திறந்து ஒரு மாடி வீட்டையே வரைந்து பார்த்தாள், பெட்டி அணையவில்லை. நாலடிக்க இன்னும் சில நிமிஷம் இருந்தது. அப்பாடா!

"நல்லபடியா பேசும்மா" என்று சொல்லிவிட்டு அப்பா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மோகனராஜை வழியனுப்ப லிப்ட் வரைக்கும் வந்தாள் துளசி. மனசு லேசாகியிருந்தது.

"எங்கப்பாவத் தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. பாவம், இந்த மிஷின் சமாச்சாரம் எதுவும் அவருக்குத் தெரியாது."

அவன் லிப்ட் பொத்தானை அழுத்தினான். பிறகு தேவையே இல்லாமல் இன்னொரு தடவை அழுத்தினான். வீட்டுக்குள் கணினி அழைக்க ஆரம்பித்தது.

"நான் போறேன், கூப்பிடுறாங்க" என்று துளசி திரும்பினாள்.

"அக்கா" என்றான் மோகனராஜ். "பாயான் லெப்பாஸ் பேக்டரியில சிப்பு மேல பேஸ்ட் தடவ எனக்குக் கத்துக்குடுத்ததே சார்தான்."