சட்டையின் நீளம்

பெலேம் நகரத்தில் சட்டை தைத்துப் பிழைக்கும் ஜுரேமாவின் மாடியில் குடியிருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போனான். தான் வளர்த்த மலைப்பாம்பைக் கண்ணாடித் தொட்டியிலேயே விட்டுவிட்டான். தண்ணீர்கூட வைக்கவில்லை. பழைய தோல் கண்ணை மூடி ஒட்டியிருக்க, அது எலும்பும் தோலுமாகக் கிடந்தது.

ஜுரேமா தொட்டியைக் கீழே கொண்டுவந்தாள். பாம்பை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரத்துணியால் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். வாரம் ஓர் எலி கொடுத்தாள். அளந்து பார்த்தாள், ஒன்றரை மீட்டர்.

இரண்டாம் மாதம் அது முழுசாகச் சட்டை உரித்தது. சட்டை இரண்டு மீட்டர். அடுத்த சட்டை மூன்றரை மீட்டர். பாம்பு என்னவோ அதே ஒன்றரை மீட்டர்தான். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மிருக வைத்தியருக்கு போன் செய்தாள்.

"உரிச்ச தோல் கொஞ்சம் நீளத்தான் செய்யும்க்கா. டேப்ப ஒழுங்காப் பிடிச்சீங்களா?"

"முப்பது வருஷமா அதைத்தான் பிடிக்கிறேன் டாக்டர். என்கிட்டயேவா?"

"அப்ப உள்ள ரெண்டு பாம்பு இருக்கும்" என்று அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினாள். வீட்டில் தொட்டிப் பாம்பு ஒன்றுதான் இருந்தது.

ஒரு ஞாயிறு காலை, புதுச் சட்டை தொட்டியிலிருந்து கூடத்தைக் கடந்து, தாழிட்ட தெருக்கதவின் அடியில் புகுந்து வெளியே போயிருந்தது. பாம்பு தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கண்கள் தெளிந்திருந்தன. ஜுரேமா மண்டியிட்டு, வால் முனையிலிருந்து அளந்துகொண்டே போனாள். ஆறாவது மீட்டரில் சட்டை அவள் விரல்களுக்கிடையே நழுவி, அவசரமே இல்லாமல் வெளியே போகத் தொடங்கியது.