மூன்றை விழுங்கும் குரல்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவள் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்யும் பெண் இயர்போனை நீட்டினாள். "அக்கா, புது ராக் பேண்ட். போன மாசம்தான் தாங்களாவே முதல் ஆல்பம் போட்டிருக்காங்க. கேட்டுப் பாருங்க."

இரண்டாவது பாட்டில், டிரம்ஸ் தொடங்கும் முன் ஒருவன் எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, நாலு."

அவள் லென்ஸ் தேய்க்கும் மிஷினை நிறுத்தினாள். அப்படி மூன்றை விழுங்கிவிட்டு எண்ணுகிறவன் அவள் தம்பி மட்டும்தான். அவன் இறந்து ஒன்பது வருடமாகிறது. இருந்தவரை, தான் டிரம்ஸ் வாசித்த ஒவ்வொரு கச்சேரிக்கும் கூப்பிட்டான். "உருப்படுற வழியைப் பாரு" என்று சொல்லிவிட்டு அவள் ஒருமுறைகூடப் போகவில்லை.

பேண்டுக்கு எழுதிக் கேட்டாள். பாடகி பதில் போட்டாள்: "எங்ககிட்ட டிரம்மரே இல்லைங்க, டிரம் மிஷின்தான். அந்தக் குரல் யாருதுன்னு எங்களுக்கும் தெரியல. எத்தனை தடவை அழிச்சாலும் திரும்ப வந்துடுது."

ஞாயிறு சாயங்காலம் அவர்கள் வாசித்த சின்ன ஹாலுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அந்தப் பாட்டு வந்தது. மேடையில் யாரும் வாய் திறக்கவில்லை. ஸ்பீக்கரில் அவன் குரல், "ஒண்ணு, ரெண்டு," என்று சற்றே நின்றது. "அக்கா வந்துட்டா. நாலு."

மறுநாள் பின்னறையில் பாட்டைப் போட்டாள். டிரம்ஸ் நேராகத் தொடங்கியது. மறுபடி போட்டாள். எண்ணும் குரல் இல்லை.

"போகாமலே இருந்திருக்கலாம்," என்றாள்.

"ஏன்க்கா, நல்லா வாசிக்கலையா?"

"நல்லாத்தான் வாசிச்சான்."