தாய்மைக்கு ஒரு டூப்

மரக்காணம் உப்பளத்தில் வாடகைத்தாய் பற்றிய காமெடிப் படத்தின் ஷூட்டிங். கதாநாயகிக்கு வெயில் ஆகாது; தூரத்து ஷாட்டுக்கு டூப் வேண்டும். உப்பு வாரும் சந்தியாவை நடக்கச் சொன்னார்கள். கூடை சுமந்த பழக்கத்தில் வரப்பின்மேல் நிமிர்ந்து விறுவிறுவென்று நடந்தாள்.

"கட்! கர்ப்பிணி மாதிரியே இல்லையேம்மா!" டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

சந்தியாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நெஜமாவே ஏழு மாசம் சார் இது!"

அவர் காதிலேயே வாங்கவில்லை. தலையில் முக்காடும், முன்னால் தள்ளிய வயிறுமாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓர் உருவம் தூரத்து வரப்பில் வந்துகொண்டிருந்தது.

"அதுதான்மா தாய்மை! யார் அந்தம்மா?"

சந்தியா கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"அந்தம்மா இல்லீங்க. எனக்குச் சோறு எடுத்துனு வர்ற எங்க வூட்டுக்காரரு. புடவையைக் கட்டி வுடுங்க, இன்னிக்கு ஒரு நாள் அவரு சுமக்கட்டும்."