மூன்று சீட்டி

வண்டி நகர்ந்ததும், வாசலில் நின்ற பாதுஷா இரண்டு விரலை வாயில் வைத்து, அடுத்தடுத்து மூன்று முறை சீட்டியடித்தார்.

காஜிமார் தெருவே திரும்பிப் பார்த்தது. கோபித்துக்கொண்டு தாய்வீடு போகிற பெண்டாட்டியைப் பார்த்துச் சீட்டியடிக்கிற மனிதரை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் ஜட்கா ஓட்டுகிறவன். எந்த வீட்டில் சண்டை என்றாலும் மூட்டை முடிச்சு என் வண்டியில்தானே ஏற வேண்டும்? போனவள் தானாக வரட்டும், ஆம்பளை இறங்கிப் போகக்கூடாது என்பது என் கட்சி.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உமர் பாரூக்குக்கு முகம் சிவந்துவிட்டது. அக்காவை அழைத்துப்போக வந்த தம்பி அவர்.

"பாத்தியாக்கா? செஞ்சதும் செஞ்சுட்டு, தெருவுல நின்னு விசிலடிக்கிறாரு மச்சான்!"

உள்ளே, திரைக்குப் பின்னால் இருந்தார் அந்த அக்கா, சைனப்.

சைனபுடைய இறந்துபோன அத்தா, அதாவது தகப்பனார், கல்யாணத்துக்குக் கொடுத்த சீரை, அன்று காலை நாலு பேர் முன்னால் பாதுஷா கேலி பேசிவிட்டார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த வார்த்தை அவர் வாயில் வருவேனா என்றது. இனி இந்தப் படியை மிதிப்பதில்லை என்று சொல்லித்தான் சைனப் வண்டி ஏறியிருந்தார்.

திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அண்ணே, நிறுத்த வேணாம். ஆனா மெதுவாப் போங்க."

எதற்கு என்று நானும் கேட்டேன், தம்பியும் கேட்டார். சைனப் விளக்கினார்.

பாதுஷா தூத்துக்குடித் துறையில் லாஞ்சு என்கிற நீராவிப் படகு ஓட்டுகிறவர். அங்கே படகுக்குப் படகு கத்திப் பேசினால் காதில் விழாதாம். ஊதித்தான் சொல்ல வேண்டுமாம். குட்டையாக ஒரு ஊதல் என்றால் வலப்பக்கம் திரும்புகிறேன். இரண்டு என்றால் இடப்பக்கம். மூன்று என்றால், இன்ஜினைப் பின்பக்கமாக ஓடவிட்டுவிட்டேன்.

"இன்ஜினு திரும்புனாலும் கப்பலு ஒடனே நிக்காதாம்ண்ணே. அம்புட்டுப் பாரம் இருக்குல்ல, கொஞ்ச தூரம் முன்னாடிதான் வந்துக்கிட்டிருக்கும். மத்தவுகதான் பாத்து எடம் விடணுமாம்."

மில் சங்கைத் தவிர வேறு ஊதல் அறியாதவன் நான். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தேன்.

திரும்பிப் பார்த்தால், பாதுஷா வண்டிக்குப் பின்னால் நடந்து வருகிறார். காலில் செருப்பில்லை. பங்குனி வெயில் மண்ணை வறுத்துக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளியே வந்தார். கிட்டவும் வரவில்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை.

வழியில் ரயில் கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. அவரும் பத்தடி தள்ளி நின்று, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்புப் போய்விட்டது.

பழங்காநத்தத்தில் தாய்வீட்டு வாசலில் சைனப் இறங்கினார். இறங்கியவர் உள்ளே போகவில்லை, நின்றார்.

பாதுஷா அந்தப் பத்தடியையும் நடந்து வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அத்தாவப் பேசுனது தப்புத்தான், சைனபு."

"கால் கொப்பளிச்சிருச்சா?" என்று கேட்டார் சைனப். "உள்ள வாங்க, மொதல்ல தண்ணியக் குடிங்க."

உமர் பாரூக் டிரங்குப் பெட்டியை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். என் கண் கலங்கியதை அவர் பார்க்கவில்லை, நல்லவேளை.

வண்டியையும் குதிரையையும் கூட்டாளி வண்டிக்காரன் முத்திருளன் பொறுப்பில் விட்டுவிட்டு நேரே பஸ்ஸுக்குப் போனேன்.

என் சம்சாரம் மலையம்மாள் போன சித்திரையில் உசிலம்பட்டிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். நான்தான் என் வண்டியிலேயே ஏற்றி வந்து பஸ் ஏற்றிவிட்டேன். தானாக வரட்டும் என்று பதினோரு மாதம் இருந்துவிட்டேன்.

"உசிலம்பட்டிக்கு எம்புட்டுப் பேருண்ணே?" என்றார் கண்டக்டர்.

"போறப்ப ஒரு ஆளுதான்" என்றேன்.