மூன்று வாரமாக அடிக்காத போன்

"போன் கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லும்மா. நல்லா இருக்குன்னு சொல்லிடாதே."

மாமனார் தன் பட்டன் போனை மருமகளிடம் நீட்டினார். முட்டியில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் ஆகியிருந்தது. காலை முக்காலி மேல் நீட்டிக்கொண்டு, கூடத்து நாற்காலியே கதி என்று கிடந்தார்.

மருமகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அன்று அரைநாள் என்பதால் மத்தியானமே வீட்டுக்கு வந்திருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் வழக்கு அவளிடம் வந்துவிட்டது.

என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"அடிக்கவே மாட்டேங்குது. மூணு வாரமா ஒரு போன்கால் இல்லை."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. முப்பது வருடமாகத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவது அவர் கைராசியில்தான். அந்த போன் எண் கடை ஷட்டரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. அவர் சாப்பிட உட்கார்ந்தால் போதும், நான்கு முறையாவது அடிக்கும். சோற்றுக் கையோடு ஸ்பீக்கரைப் போட்டு, மோட்டார் உறுமுகிறதா, ஊமையாக இருக்கிறதா, எரிந்த வாடை வருகிறதா என்று டாக்டர் மாதிரி விசாரித்து, பாதி நோயைப் பேச்சிலேயே தீர்த்துவிடுவார். பரிமாறக் காத்திருக்கும் மாமியார், குழம்பு ஆறுகிறது என்று முணுமுணுப்பார்.

அப்படிப்பட்ட போன்தான் வாயைத் திறக்காமல் கிடந்தது.

"உங்க அத்தைகிட்ட கேட்டா, ஊர்ல எல்லா மோட்டாரும் நல்லா ஓடுது போலன்னு சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரலைம்மா. போன் கெட்டுப்போயிருந்தா நிம்மதி. நல்லா இருக்குன்னா, ஜனங்க என்னை மறந்துட்டாங்கன்னு அர்த்தம்."

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். சாயங்காலம் கடைக் கட்டிடத்தின் ஓனர் வருகிறாராம். யாருக்கும் வேண்டாத கடையைப் பூட்டி வைத்து என்ன பிரயோசனம், சாவியை அவரிடமே கொடுத்துவிடப் போகிறாராம். மாமியாரிடம் மூச்சு விடக் கூடாதாம்.

மருமகளுக்குச் சுருக்கென்றது. டாக்டர் ஆறு வாரம்தான் ஓய்வு என்றிருக்கிறார். கடையையும் விட்டுவிட்டால் இந்த மனிதர் அதற்கப்புறம் எழுந்து நடக்கவே ஆசைப்பட மாட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து போனைக் கழற்றினாள்.

பேட்டரியை எடுத்து, அதன் முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டாள். சிம்மைத் துடைத்து வைத்தாள். மணிச் சத்தம் முழு அளவில்தான் இருந்தது. அந்த போனிலிருந்து கஸ்டமர் கேருக்கு அடித்தால் ஒரு பெண்குரல் கணீரென்று வணக்கம் சொன்னது. மாமனார் முகம் சுருங்கிவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

"இருங்க மாமா, இன்னும் முடியலை."

தன் செல்போனிலிருந்து அவர் எண்ணுக்குப் போட்டாள். பிஸி என்றது. போனோ அவர் மடியில் சிவனே என்று கிடக்கிறது. மறுபடி போட்டாள். மறுபடியும் பிஸி.

மாமியாரையும் ஒரு தரம் போட்டுப் பார்க்கச் சொல்லலாமே என்றாள். அவளுக்கு ஏது நேரம் என்று மாமனார் உதட்டைப் பிதுக்கினார். மாமியார் சாப்பிட்ட கையோடு பின்கட்டில் போனும் காதுமாக நின்றவர்தான், இன்னும் உள்ளே வரவில்லை. அவருக்குத் தங்கைகள் நால்வர். நால்வரும் வாயுள்ளவர்கள்.

மருமகள் பட்டன்களைத் தட்டித் தட்டி மெனுவின் அடிவரை போனாள். ஓர் இடத்தில் அவள் விரல் நின்றது. திரையையே பார்த்தாள். வந்த சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டு ஒரு பட்டனை அழுத்தினாள்.

"கோளாறு போன்லதான் மாமா. சரி பண்ணிட்டேன். உங்களை யாரும் மறக்கலை."

"சத்தியமா?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. முழு அளவில் வைத்திருந்த மணி கூடத்தையே உலுக்கியது. மாமனார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது, அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"ஓனருக்குப் போன் போட்டு, சாவி இப்போதைக்குக் கிடையாதுன்னு சொல்லிடும்மா" என்றபடி ஸ்பீக்கரை அழுத்தினார்.

"அய்யாவா பேசுறது?" என்றது ஒரு வாடிக்கையாளரின் குரல். "உடம்பு தேவலையா? கொஞ்சம் அம்மாகிட்ட குடுங்களேன். நீங்க ஓய்வா இருக்கணும்னு, உங்களுக்கு வர்ற போனையெல்லாம் தன் போனுக்கு வர்ற மாதிரி மாத்தி வச்சிருக்கறதா சொன்னாங்க. மூணு வாரமா எங்க தெருவுக்கே அவங்கதான் வழி சொல்றாங்க. நேத்து சொன்னபடி கெப்பாசிட்டரை மாத்தினோம், தொட்டியில தண்ணி கொட்டுது. இப்ப பக்கத்து வீட்டு மோட்டாருக்கும் அவங்களையே கேக்கணுமாம்."

மாமனார் ஜன்னல் வழியாகப் பின்கட்டைப் பார்த்தார். அங்கே மாமியார் ஒரு கையில் போனைப் பிடித்தபடி, மறு கையைக் காற்றில் இப்படியும் அப்படியும் சுழற்றி, மோட்டாரின் விசிறியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று யாருக்கோ மும்முரமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

மாமனார் போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கொஞ்சம் லைன்ல இருங்க. பெரிய மெக்கானிக் இன்னொரு மோட்டாரைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க."